விலக்கு யாருக்கு?

சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் உங்களுக்கு அரை கிரவுண்டு மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது. வங்கி கடனுக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. மேஸ்திரிக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. பிளான் அப்ரூவலுக்குப் போனால், இப்போதைக்கு எதுவும் ஆகாது என்கிறார்கள். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலான ராம்சாரில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் எல்லைக்குள்ளும், அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையிலும் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக் கூடாது. சதுப்புநிலத்தின் எல்லையையும் அதைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பரப்பையும் அறிவியல் முறைப்படி அளந்து முடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் மனையில் நின்று பார்த்தால் சதுப்புநிலம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். "நான் கட்டப்போவது ஒரு சின்ன வீடு. எனக்காவது விலக்கு கொடுக்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வது உங்களுக்கும் நியாயமாகாது, அந்தச் சதுப்புநிலத்துக்கும் நியாயமாகாது.

முதலில் தடை எதற்கு என்று பார்ப்போம். ஓர் ஊருக்குப் புதிய கட்டட விதி எழுத ஆண்டுக்கணக்கில் ஆகும். நிலத்தை அளக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், மக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும். பழைய விதிப்படி அனுமதி வாங்கவோ சில மாதங்கள் போதும். விதி இறுகப் போகிறது என்ற பேச்சு காதில் விழுந்தாலே, அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று வரிசை நீண்டுவிடும். புதிய விதி அச்சாகி வரும்போது, அது காப்பாற்ற நினைத்த நிலம் பழைய விதிப்படியே பங்கு போடப்பட்டு முடிந்திருக்கும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் இடைக்காலத் தடை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நகர மன்றங்களுக்கு இந்த அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. கடிவாளத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. மன்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடை 45 நாள்தான். நீட்டிக்கலாம், ஆனால் எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த நிபந்தனை: தடை முடிவதற்குப் பத்து நாள் முன்பே, எந்தச் சிக்கலுக்காகத் தடை போட்டோமோ அதைத் தீர்க்க இதுவரை என்ன செய்தோம் என்று மன்றம் எழுத்தில் அறிக்கை வெளியிட்டாக வேண்டும். மக்களைக் காத்திருக்கச் சொல்கிற அரசு, அந்தக் காலத்தில் தான் செய்த வேலைக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று அதற்குப் பொருள்.

அதே மாநில எல்லையில் இருக்கும் டாஹோ ஏரியைச் சுற்றி 1981 முதல் 1984 வரை 32 மாதம் கட்டுமானம் நிறுத்தப்பட்டது. கரையில் வீடுகளும் சாலைகளும் பெருகப் பெருக, மழைநீர் மண்ணில் இறங்காமல் சத்துகளையும் வண்டலையும் ஏரிக்குள் அடித்துக்கொண்டு போனது. பாசி வளர்ந்து, பெயர்பெற்ற அந்தத் தெளிந்த நீர் மங்கத் தொடங்கியிருந்தது. மனைக்காரர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில், தற்காலிகமாக நிறுத்திவைத்தது என்பதற்காக மட்டுமே அது நிலத்தைப் பறித்ததாகிவிடாது என்றது. 'தற்காலிகம்' என்பதுதான் அந்த வாதத்தைத் தாங்கிய தூண்.

தடை வந்த மறுநாளே விலக்கு கேட்டு மனுக்கள் வரத் தொடங்கும். மன்றத்தின் நேர்மை சோதனைக்கு வருவது அப்போதுதான். என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலக்கு கொடுப்பது தவறல்ல. ஆனால் கேட்பவர் யார் என்று தெரிவதற்கு முன்பே அது விதியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மனு மேசைக்கு வந்த பிறகு, அந்த ஒரு மனுவுக்காக எழுதப்படும் விலக்கு தடையையே அரித்துவிடும். இது எப்படி நடக்கும் என்பதற்கு ஹைதராபாத்தைவிடத் தெளிவான சாட்சி நம் நாட்டில் இல்லை.

1908 செப்டம்பர் 28ஆம் தேதி மூசி ஆறு ஹைதராபாத்துக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். நிஜாம் அரசு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து யோசனை கேட்டது. நகரத்துக்குள் வந்த பிறகு வெள்ளத்தோடு போராடிப் பயனில்லை, மேலேயே பிடித்து நிறுத்த வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. அப்படித்தான் 1920இல் மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும், 1927இல் அதன் துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகரும் எழுந்தன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அந்த ஏரிகள் பல பத்தாண்டுகள் நகரத்துக்குக் குடிநீரும் கொடுத்தன.

ஊர் பெருத்து ஏரிகளை நெருங்கியது. 1994இலும் 1996இலும் ஆந்திர அரசு ஆணைகள் போட்டது. இரண்டாவது ஆணை, 1996 மார்ச் 8ஆம் தேதியிட்டது, இன்றும் அந்தப் பக்கத்தில் எண்ணாலேயே அறியப்படுகிறது: ஜி.ஓ. 111. இரண்டு ஏரிகளின் முழு நீர்மட்டக் கோட்டிலிருந்து 10 கிலோமீட்டர் வரை மாசுபடுத்தும் தொழிற்சாலை, பெரிய ஓட்டல், குடியிருப்பு காலனி எதுவும் கூடாது. அந்தப் பரப்பில் 90 விழுக்காடு விவசாயம், தோட்டம், பூங்கா போன்றவற்றுக்கே. லேஅவுட் போட்டாலும் 60 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளிக்கும் சாலைக்கும் விட வேண்டும். 84 கிராமங்கள், சுமார் 1,32,600 ஏக்கர். சதுர கிலோமீட்டரில் 537 வரும். 426 சதுர கிலோமீட்டர் உள்ள சென்னை மாநகராட்சியைவிடப் பெரிய பரப்பு.

இந்த வளையத்துக்குள், ஷம்ஷாபாத்தை அடுத்த பெத்தஷாபூரில், ஒரு நிறுவனம் 1995இல் 12 ஏக்கர் வாங்கியிருந்தது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து வேதிப்பொருள்கள் செய்யும் ஆலைக்கான இடம் அது. நிக்கல் வினையூக்கிக் கழிவும் வரும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி மறுத்தது. 1997 ஜூலையில் மாநில அரசு அந்த ஓர் ஆலைக்கு மட்டும் 10 கிலோமீட்டர் விதியிலிருந்து விலக்கு அளித்து ஆணை போட்டது. பாதுகாப்பு நிபந்தனைகளை வகுத்துக் கொடுக்குமாறு வாரியத்திடம் சொன்னது. வாரியம் அப்போதும் மறுத்தது. ஓர் அரசுத் துறை தன் அரசின் ஆணைக்கு எதிரே இப்படி நிற்பதை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை, ஆகவே அந்த அதிகாரிகளை மரியாதையோடு நினைவுகூர விரும்புகிறேன்.

நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆலையின் தொழில்நுட்பம் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாதது என்று ஒரு விஞ்ஞானி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். அவர் அப்போது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிவியல் ஆலோசகர். மேல்முறையீட்டு அமைப்பு அதை ஏற்றது. உயர் நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே சொன்னது. வாரியம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி எம். ஜெகந்நாத ராவ் எழுதிய முதல் தீர்ப்பு 1999 ஜனவரியில் வந்தது. ஒரு விஞ்ஞானி கேடில்லை என்கிறார், இன்னொருவர் கேடு உண்டு என்கிறார். சட்டம் மட்டும் படித்த நீதிபதி எப்படி முடிவு செய்வது? தீர்ப்பு இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. கேடு வரும் என்று ஊர் நிரூபிக்க வேண்டியதில்லை, கேடு வராது என்று நிரூபிக்க வேண்டியவர் இருக்கிற நிலையை மாற்ற வருபவர்தான் என்றது. விஷயத்தை நிபுணர்களின் ஆய்வுக்கு அனுப்பியது. 2000 டிசம்பர் 1ஆம் தேதி இறுதித் தீர்ப்பு. குடிநீரைக் காக்கப் பொதுவாக ஒரு தடையைப் போட்டுவிட்டு, அதிலிருந்து குறிப்பிட்ட ஒரு தொழிற்சாலையை மட்டும் விடுவிப்பது தன்னிச்சையான செயல். சுத்தமான நீருக்கான மக்களின் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும், அதை மீறி இப்படி ஒரு விலக்கு கொடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று முடித்தது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்க விஞ்ஞானிகளும் அமர்ந்த மன்றம் தேவை என்று அந்த 1999 தீர்ப்பு வலியுறுத்தியது. பின்னர் அதே ஜெகந்நாத ராவ் தலைமையிலான சட்ட ஆணையம் 2003இல் தன் 186ஆவது அறிக்கையில் தனிச் சுற்றுச்சூழல் நீதிமன்றங்களைப் பரிந்துரைத்தது. 2010இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. உங்கள் பெரும்பாக்கம் மனைக்கு அனுமதியை நிறுத்திய அமர்வு, பெத்தஷாபூர் ஆலைக்குக் கொடுத்த விலக்கு பற்றிய வழக்கிலிருந்து கிளம்பிய பாதையில் வந்ததுதான்.

நம் ஊரிலும் இதற்கு இணையான வழக்கு ஒன்று உண்டு, அதே 2000ஆம் ஆண்டில். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் அரசு விலக்கு கொடுக்கலாம் என்கிறது அது. அந்தப் பிரிவையும், அதன்படி கட்டடங்களுக்குக் கொடுக்கப்பட்ட 62 அரசாணைகளையும் எதிர்த்துச் சென்னையின் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம். உண்மையான கஷ்டத்தைப் போக்க இப்படி ஓர் அதிகாரம் அரசிடம் இருக்க வேண்டியதுதான் என்றது. ஆனால் 62 ஆணைகளையும் எடுத்துப் படித்துப் பார்த்தபோது, ஏன் விலக்கு என்பதற்கு ஒன்றிலும் உருப்படியான காரணம் இல்லை. இயந்திரம் போல முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்று 62ஐயும் ரத்து செய்தது. காரணம் எழுதாமல் கொடுத்த விலக்கு நிற்காது என்பது 25 ஆண்டுகளுக்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது.

இனி உங்கள் மனுவுக்கு வருவோம். விலக்கு கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, அதனால் ஒரே பதிலும் பொருந்தாது.

சிலர் தடைக்கு முன்பே அனுமதி வாங்கி, அஸ்திவாரமும் போட்டுவிட்டவர்கள். சட்டத்தை நம்பிப் பணம் போட்டவரைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் அநியாயம். இங்கே தேவை ஒரு தேதி: இந்தத் தேதிக்கு முன் அனுமதி கையில் இருந்தால் தொடரலாம். மனு மட்டும் போட்டிருந்தவரையும் சேர்த்துக்கொண்டால், தடை வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பெரிய கம்பெனிகள்தான் முதலில் மனு போட்டிருக்கும். அதனால் என் கணக்கில், மனு போட்ட தேதி விலக்குக்குப் போதாது. முன்பு கொடுத்த அனுமதியே எல்லையைத் தப்பாகக் காட்டி வாங்கியதாக இருந்தால் அதற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

சிலர் மருத்துவமனை, பள்ளி, சாலை என்று பொதுத் தேவையைச் சொல்லி வருவார்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையானவன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் ஏரியின் சுமை குறையும். அதற்கு விலக்கு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் பொதுத் தேவை என்ற பெயர் மட்டும் போதாது; பெருங்குடிக் குப்பையையும் ஒருகாலத்தில் பொதுத் தேவை என்றுதான் சதுப்புநிலத்தில் கொண்டுவந்து கொட்டினோம்.

பெத்தஷாபூர் ஆலை போல, எங்களால் மாசே வராது என்று சான்றிதழோடு வருபவர்கள் மூன்றாவது வகை. இவர்களுக்குக் கதவைத் திறக்கவே கூடாது. சான்றிதழ் பொய் என்பதல்ல காரணம். மாநகரப் பேருந்தின் படிக்கட்டில் ஏறுகிற ஒவ்வொருவரும் 'நான் ஒரு ஆள்தானே' என்பார்; அவர் சொல்வது உண்மையும்தான். வண்டி சாய்வது அத்தனை உண்மைகளும் சேர்ந்துதான். ஏரியும் மொத்தச் சுமையைத்தான் அறியும். மனுவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதாகத்தான் தெரியும்.

சிறிய வீட்டுக்காரரான உங்கள் கேள்விதான் கடினமானது. இதை வீட்டின் அளவை வைத்து மட்டும் தீர்க்க முடியாது. பள்ளிக்கரணைக்குத் தெற்கு, மேற்குப் பக்கத்து ஏரிகளிலிருந்து நீர் இறங்கி வருகிறது. அங்கே கேடு செய்வது செங்கல்லைவிட மண்தான். நான்கடி மண் கொட்டி மனையை உயர்த்தினால், உங்கள் இடத்தில் நிற்க வேண்டிய மழைநீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். ஓடைப் பாதையில் இருந்தால் வழியே அடைபட்டுப் போகும். ஆகவே ஓர் அனுமதிபெற்ற பழைய லேஅவுட்டில், சுற்றிலும் வீடுகள் வந்துவிட்ட தெருவில், மண் உயர்த்தாமல், சொந்தக் குடியிருப்புக்கு ஒரு வீடு என்றால் அந்த வகை முழுவதற்கும் விலக்கு தரலாம் என்பது என் எண்ணம். ஓடையிலோ தாழ்நிலத்திலோ இருக்கும் மனைக்கு, அது எவ்வளவு சிறியதானாலும், தரக் கூடாது. அந்த உரிமையாளருக்கு அரசு மாற்று இடமோ ஈடோ தர வேண்டும். நூற்றுக்கணக்கான அடுக்குமாடி வீடுகளை விற்பனைக்குக் கட்டுபவர் அளவீடு முடியும் வரை காத்திருக்கலாம். காத்திருக்கிற சக்தி அவருக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. இந்த வித்தியாசத்தைச் சட்டம் கண்டுகொள்வது இரக்கத்தால் மட்டுமல்ல. சின்னவர்களின் நியாயமான குறையைத் தீர்க்காமல் விட்டால் தடையே நிலைக்காது.

அதற்கும் ஹைதராபாத்தே சாட்சி. நீதிமன்றத்தில் வென்ற அந்தத் தடை, ஊரில் தோற்றது. 84 கிராமங்களின் விவசாயிகளிடம் 'உங்கள் நிலத்தில் ஒன்றும் செய்யாதீர்கள், நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும்' என்று சொன்னவர்கள், அந்தத் தியாகத்துக்கு ஈடாக அவர்களுக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. தடைக்கு முடிவுத் தேதியும் இல்லை. வளையத்துக்கு வெளியே, உஸ்மான் சாகருக்குப் பக்கத்தில் உள்ள கோகாபேட்டில் அரசே நடத்திய ஏலத்தில் 2023 ஆகஸ்டில் ஒரு ஏக்கர் 100 கோடி ரூபாயைத் தாண்டியது. வளையத்துக்கு உள்ளே இருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். செல்வாக்கு உள்ளவர்களோ உள்ளேயே பண்ணை வீடுகளும் கல்லூரிகளும் கல்யாண மண்டபங்களும் கட்டிக்கொண்டார்கள். சாமானியருக்கு மட்டும் வலிக்கிற தடையாக அது மாறியபோது, அதைக் காக்க மக்கள் யாரும் வரவில்லை.

2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு ஜி.ஓ. 69 போட்டுக் கட்டுப்பாடுகளை நீக்கியது. 2023 மே மாதம் அமைச்சரவை ஜி.ஓ. 111ஐ முழுவதுமாகவே நீக்க முடிவெடுத்தது. சொன்ன காரணம், நகரம் இப்போது கிருஷ்ணா, கோதாவரி நீரைக் குடிக்கிறது, இந்த ஏரிகளை நம்பியில்லை என்பது. குடிநீர்க் கணக்கில் அது பெரும்பாலும் சரியே. ஆனால் ஏரிகள் கட்டப்பட்டது வெள்ளத்துக்காக. 2020 அக்டோபரில் ஹிமாயத் சாகர் நிரம்பி மதகுகளைத் திறந்தார்கள். 2025 செப்டம்பரில் இரண்டு ஏரிகளிலிருந்தும் நீரைத் திறந்துவிட, மூசி பெருகி மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. நீர்ப்பிடிப்பில் கான்கிரீட் கூடக் கூட, மழை இதைவிட வேகமாக ஏரிக்கு வந்து சேரும்.

பள்ளிக்கரணையில் நாம் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர். எல்லையை நிலத்தில் அளந்து, கல் நட்டு, யார் நிலம் உள்ளே, யார் நிலம் வெளியே என்று சர்வே எண்ணோடு வெளியிடுவதுதான் இப்போதைய அவசர வேலை. அது தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் உங்களைப் போன்றவர் வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டுகிறார்; அந்தக் கோபம் அளக்காதவர் மீது போகாமல் சதுப்புநிலத்தின் மீது திரும்புகிறது. அரசு முதலில் ஒரு கால அட்டவணை சொல்ல வேண்டும்.

சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. வரைவு வெளியாகும்போது உங்கள் தெருவுக்கு என்ன வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். 'விலக்கு', 'தளர்வு' என்ற சொற்கள் வரும் பக்கங்களைத் தேடிப் படியுங்கள். விலக்கு தருவது யார், எந்த வகைக்கு, காரணத்தை எழுதி வெளியிட வேண்டும் என்று இருக்கிறதா, இதுவரை கொடுத்த விலக்குகளின் மொத்தக் கணக்கு எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.